மூலையில் ஒரு தண்ணீர் டிரம்

"அந்த மூலையில தண்ணி டிரம் ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

போனில் அந்த ஆள் இப்படித்தான் கேட்டார். சீரலை கம்பெனியிலிருந்து பேசுவதாகவும் தன் பெயர் ஜெரால்டு என்றும் முதலிலேயே சொல்லியிருந்தார். அவர்கள் கூரியரில் அனுப்பிய இன்டர்நெட் பெட்டியை அம்மா அன்று காலையில்தான் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்து, அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தாள். சுற்றியிருந்த பிளாஸ்டிக் கவரை மட்டும் கழற்றவில்லை. டிவி ரிமோட்டுக்கே ஏழு வருடமாகக் கவர் கழற்றாத வீடு எங்களுடையது.

"எந்த மூலைங்க?" என்றேன்.

"ஃபிரிட்ஜுக்கும் பெட்ரூம் சுவத்துக்கும் நடுவுல. எனக்கு இங்க ஸ்கிரீன்ல உங்க வீடு மேப் மாதிரி தெரியுது. கேமரா எல்லாம் கிடையாது, பயப்படாதீங்க. பெட்டி அலையை அனுப்பும். அது எதுல பட்டுத் திரும்புது, எது உறிஞ்சிக்குதுன்னு பாக்கும். தண்ணி இருந்தா நல்லா உறிஞ்சும். அங்க ஒரு நாப்பது லிட்டர் இருக்கு. முக்கா மணி நேரமா பாக்குறேன், அசையவே இல்ல. ஆளா இருந்தா அசையும்ல?"

அந்த மூலையில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

என் எடை நாற்பத்திரண்டு கிலோ. முழங்காலை மடக்கி, மேலே நான் எழுதும் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போகும் வரை நான் அசைவதில்லை. ஃபிரிட்ஜின் சூடு முதுகில் படும் அந்த இரண்டடி இடத்தை விட்டால் எங்கள் வீட்டில் எனக்கென்று வேறு இடம் கிடையாது.

"ஆமாங்க," என்றேன். "டிரம்முதான்."

இல்லை, ஆள்தான் என்று சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்ன என்று எனக்குத் தெரியும். ஸ்கூல் லீவாம்மா? என்ன படிக்கிற? செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வீட்டில் இருக்கும் பதினாறு வயதுப் பெண்ணிடம் எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். டிரம்மிடம் யாரும் கேட்பதில்லை.

நான் பள்ளிக்கூடத்தை விட்டதும் இந்தச் சனியன் பிடித்த இன்டர்நெட்டால்தான். அந்த வருடம் வெயில் தாங்காமல் இரண்டு மாதம் வகுப்புகளை வீட்டிலிருந்தே நடத்தினார்கள். ஒருநாள் அறிவியல் டீச்சர், "சங்கவி, மரம் ராத்திரியில எதை வெளிவிடும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியும். சொன்னேன். எங்கள் வீட்டிலிருந்து கிளம்பிய பதில் எங்கோ வழியில் நின்றுவிட்டது. டீச்சர் மூன்று முறை என் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "சரி, விடு. ஜனனி, இன்னைக்கு உனக்குப் பொறந்தநாளாமே? எங்களுக்கெல்லாம் என்ன தரப்போற?" என்று கேட்டார். அப்போதுதான் என் குரல் போய்ச் சேர்ந்தது.

"கார்பன் டை ஆக்சைடு, டீச்சர்."

நாற்பத்தொரு பேர் சிரித்தார்கள். என் முகம் வாயைப் பாதி திறந்தபடி திரையில் உறைந்து நின்றது. அதை யாரோ பிடித்து ஸ்டிக்கராக்கி வகுப்பு குரூப்பில் போட்டார்கள். பள்ளி திறந்த அன்று காலையில் எனக்குக் காய்ச்சல் வந்தது. மறுநாளும் வந்தது. பிறகு காய்ச்சல் வரவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

எங்கள் குடியிருப்பில் பத்து மாடிகள். மாடிக்குப் பன்னிரண்டு வீடுகள். வீட்டுக்கு ஒரு ரூட்டர். அத்தனையும் ஒரே நேரத்தில் கத்தினால் யாருக்கும் எதுவும் கேட்காது என்பதுதான் நெட் மெதுவாக இருப்பதற்குக் காரணம் என்று அக்கா கௌசிகா சொல்வாள். அந்தக் காரணம் தெரியாமல் நாங்கள் பண்ணாத வைத்தியம் இல்லை. அப்பா ரூட்டரை அரிசி டின் மேல் ஏற்றினார், ஜன்னல் கம்பியில் கட்டினார். அம்மா அணைத்து அணைத்துப் போட்டாள். ஒரு முறை தலையில் தட்டவும் செய்தாள். திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருந்தது.

அக்காவுக்கு வேலை கிடைத்த பிறகு அந்த வட்டத்தைப் பார்த்தாலே வீட்டில் எல்லோருக்கும் நெஞ்சு படபடத்தது. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனைக்கு அக்கா இங்கிருந்தபடியே மொழிபெயர்ப்பவள். ஆங்கிலம் தெரியாத தமிழ் நோயாளிகள் வந்தால் டாக்டருக்கும் அவர்களுக்கும் நடுவில் இவள் பேசவேண்டும். மருத்துவத்தில் மெஷின் மொழிபெயர்க்கக் கூடாது என்று அங்கே சட்டம் வந்ததால் கிடைத்த வேலை. ஆறு மாதம் சோதனைக் காலம். அழைப்பு மூன்று முறை கெட்டுப்போனால் வேலை போய்விடும். இரண்டு முறை கெட்டாகிவிட்டது. அதற்காகத்தான் சீரலைப் பெட்டி.

அந்தப் பெட்டியில் ஒரு பெண் குரல் இருந்தது. மரியாதை என்றால் அப்படி ஒரு மரியாதை.

"வணக்கம். சமையலறை அருகில் உள்ள தண்ணீர் டிரம்மை நகர்த்தினால் வேகம் முப்பது சதவீதம் கூடும்."

அது முதலில் பேசியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு அப்பாவும் வீட்டில் இருந்தார்.

"இன்னா டிரம்மு சொல்றா இவ?" என்றாள் அம்மா. "நம்ம டிரம்மு பாத்ரூம்ல கீது."

"பக்கத்து வூட்டு டிரம்மா இருக்கும்," என்றார் அப்பா.

"அதை நான் போய் நவுத்தணுமா? நல்லா இருக்கே கதை." அம்மா சொல்லிக்கொண்டே மூலைப் பக்கம் வந்தாள். நான் நோட்டை ஃபிரிட்ஜின் பின்னால் செருகிவிட்டு எழுந்து அவளுக்கு வழிவிட்டேன்.

"நன்றி. டிரம் நகர்த்தப்பட்டது," என்றது பெட்டி.

உள்ளேயிருந்து அக்கா கத்தினாள். "அம்மா! என்ன பண்ணீங்க? தண்ணி மாதிரி ஓடுது!"

"ஒண்ணும் பண்ணலியேடி."

நான் மறுபடி உட்கார்ந்தேன்.

"டிரம் மீண்டும் வைக்கப்பட்டுள்ளது."

அக்கா அறையிலிருந்து வெளியே வந்து பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "சங்கு, எந்திரி," என்றாள். எழுந்தேன். "உக்காரு." உட்கார்ந்தேன். பெட்டி ஒவ்வொரு முறையும் நன்றி சொல்லி, ஒவ்வொரு முறையும் வருத்தப்பட்டது. அப்பா சிரித்துச் சிரித்து இருமினார்.

"ஐயோ, நீதான்டி டிரம்மு!"

முதல் நாள் எனக்கும் சிரிப்புதான் வந்தது. போனில் நானே ஆமாம் என்று சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

அதற்கடுத்த நாளிலிருந்து அக்காவின் அழைப்பு நேரத்தில் மூலை எனக்கு இல்லை என்றாகிவிட்டது. கூடத்தில் உட்கார்ந்தேன். டிரம் கூடத்துக்கு வந்துவிட்டது என்றது பெட்டி. அம்மா அடுப்புக்கும் சிங்க்குக்கும் நடுவில் நூறு முறை நடந்தாலும் அது எதுவும் சொல்லாது. ஆள் என்றால் அலையைத் தானே வளைத்து வேறு வழியில் அனுப்பிக்கொள்ளும். பொருள் என்றால் நகர்த்தச் சொல்லும்.

"நானும் நடக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன்.

"காலைல ரெண்டு மணி நேரம் நடந்து பாத்தியே. டிரம்மை உருட்டாதீர்கள்னு சொல்லுச்சே," என்றாள் அம்மா. "கொஞ்ச நேரம் மாடிப்படில போய் உக்காரு, என் தங்கம். அக்கா வேலை நெலைக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்."

கொஞ்ச நேரம் என்பது பகல் இரண்டிலிருந்து இரவு எட்டு. எங்கள் எட்டாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் படி திரும்பும் இடம். லிஃப்ட் நின்றுபோகும் நாட்களில் மேல் மூன்று மாடிக்காரர்களும் என்னைத் தாண்டித்தான் போவார்கள்.

"இன்னாமா இங்க குந்திக்கினுகீற? பரீச்சைக்குப் படிக்கிறியா?"

"எத்தினியாவது?"

"எந்த ஸ்கூலு?"

நோட்டில் ஒரு வரி எழுதுவதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு வாரத்தில் நான் எழுதியது ஒன்றரைப் பக்கம்.

ஏழாவது மாடி பானு அக்கா மட்டும் கேட்கவில்லை. தன் வீட்டைத் தாண்டி மேலே ஏறி வந்து, காய்கறிப் பையை இறக்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கினார்.

"உன்னை டிரம்முன்னு போட்டுட்டானுங்களாமே? எங்க வூட்டுக்காரரை கட்டில்னு போட்டுகீறானுங்க," என்றார்.

பானு அக்காவின் கணவர் பக்கவாதம் வந்து மூன்று வருடமாகப் படுக்கையில் இருக்கிறார்.

"அவரு மூச்சு விடுறாரே, அது தெரியலியாக்கா பெட்டிக்கு?"

"தெரியுதாம். ஃபேனும்தான் அசையுது, அதுக்காக ஆளுன்னு சொல்லுவோமான்னு கேக்குறான் போன்ல. பில்டிங்கை வுட்டு வெளிய போய்ட்டு வந்தாத்தான் ஆளாம். வாயத் தொறந்து பேசணுமாம். இவரு எங்க போவாரு, எங்க பேசுவாரு?" பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து என் கையில் வைத்தார். "எங்க வூட்ல இப்போ ஒரு ஆளு, ஒரு கட்டிலு. ஒரு ஆளுக்கு என்னா வேகம் குடுப்பான்? டாக்டர் கிட்ட வீடியோல காட்டக்கூட முடியல."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வேகத்தை ஆள் கணக்குப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

அன்றே அக்காவிடம் சொன்னேன். அக்கா கம்பெனிக்கு அழைத்துச் சண்டை போட்டாள். நான்கு நாள் கழித்து ஜெரால்டு நேரில் வந்தார். முப்பது வயது இருக்கும். எட்டு மாடி ஏறியதில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா தண்ணீர் கொடுத்துவிட்டு அவர் குடித்து முடிப்பதற்குள் ஆரம்பித்தாள்.

"ஏம்பா, வயசுப் பொண்ணைப் போய் டிரம்முன்னு எழுதி வெச்சிருக்கியே, உனக்கே நல்லா கீதா?"

"நானா எழுதலம்மா. போன்ல கேட்டேன், ஆமான்னாங்க. யாரு பேசினதுன்னு தெரியல."

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பல்லைக் கடித்தாள்.

"மாத்துங்க, சார்," என்றாள் அக்கா. "நாலு பேர் இருக்கோம். மூணு பேர் பங்குதான் வருது."

"அதான் விஷயமே. பில்டிங்ல எல்லாப் பெட்டியும் மாத்தி மாத்தித்தான் பேசும், ஒண்ணு பேசும்போது இன்னொண்ணு வாய மூடிக்கும். யார் எவ்ளோ நேரம் பேசலாம்கிறது ஆள் கணக்கு. ரேஷன் மாதிரி. உங்களுக்கு நாலாச்சுன்னா பிரச்சினையே இருக்காது. அவங்க அந்த மூலையிலயே உக்காரலாம், பெட்டி சுத்தி அனுப்பிக்கும்."

"அப்போ நாலுன்னு போடுங்க."

"நான் போட முடியாது, மேடம். ஊர்ல இருக்கிற சித்தப்பா, பெரியப்பா எல்லாரையும் சேத்துச் சில வீட்டுல எழுதிக் குடுத்துட்டாங்க போன வருஷம். அதுலருந்து பெட்டியே நேரா கேக்கும். சம்பந்தப்பட்டவங்க தன் வாயால ஆமான்னு சொல்லணும். அரை நிமிஷத்துக்குள்ள. வேற யாரு குரலும் செல்லாது."

"பேச முடியாதவங்க?" என்று நான் கேட்டேன். பானு அக்காவின் கணவரை நினைத்துத்தான் கேட்டேன். என் குரல் பக்கத்தில் நின்ற அம்மாவுக்கே கேட்கவில்லை. அம்மா அதைத் திருப்பிச் சொன்னாள்.

"அதுக்கு ஃபாரம் வரும்னு சொல்லிட்டே இருக்காங்க," என்றார் ஜெரால்டு. சொல்லும்போது அவர் யாரையும் பார்க்கவில்லை. "இந்தப் பில்டிங்ல மட்டும் பதினோரு பேர் இப்படி இருக்காங்க. கட்டில், பீரோ, மூட்டை."

பிறகு அவர் பெட்டியில் எதையோ அழுத்தினார். பச்சை விளக்கு மின்னியது.

"நீங்கள் இந்த வீட்டில் வசிப்பவரா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் திரையில் நாற்பத்தொரு முகங்கள் தெரிந்தன. விளக்கு அரை நிமிடம் மின்னி அணைந்தது.

"பதில் கிடைக்கவில்லை. நன்றி."

"டிரம்முன்னு சொல்றதுக்கு மட்டும் வாய் வந்துச்சா?" என்று அக்கா வெடித்தாள். "ஒரு ஆமா. ஒரே ஒரு ஆமா! என் பொழப்பே போகப்போவுதுடி!"

ஜெரால்டு பையை மாட்டிக்கொண்டார். "என்னால திரும்பக் கேக்க வைக்க முடியாதுங்க, ஒரு தடவைதான். ஆனா வீட்டுக்குள்ள புதுக் குரல் எப்பவாவது சத்தமா கேட்டுச்சுன்னா அதுவே கேக்கும்," என்றார். வாசலில் செருப்பு மாட்டும்போது மெதுவாக என்னிடம், "சாரிம்மா. மேப்ல நீ நிஜமாவே அசையல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு அக்கா என்னை டிரம் என்று கேலிக்குக்கூடக் கூப்பிடவில்லை. பேசுவதையே நிறுத்திவிட்டாள். இரண்டு மணி ஆனால் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பாள், நான் வெளியே போகும்வரை.

வியாழக்கிழமை மூன்று மணிக்குத் தண்ணீர் லாரி வந்தது. அம்மா இரண்டு குடத்தோடு படியில் இறங்கி வந்தாள். "உள்ள போ. சமையல்கட்டோட நில்லு. அடுப்புல குக்கர் கீது. மூணு விசில் வந்தா நிறுத்திட்டு வெளிய வந்துடு. அக்கா கால்ல இருக்கா, சத்தம் காட்டாத."

உள்ளே போய் அடுப்பருகே நின்றேன். அக்காவின் அறைக் கதவு சரியாகச் சாத்தவில்லை. ஓர் ஆங்கிலக் குரலும் ஒரு வயதான பெண் குரலும் விட்டு விட்டு வந்தன. யாழ்ப்பாணத்துத் தமிழ். அந்தம்மாவுக்கு அன்று ஏதோ அறுவை சிகிச்சை.

டாக்டர் கேட்டதை அக்கா தமிழில் சொன்னாள். "அம்மா, பென்சிலின் ஊசி போட்டு உங்களுக்கு எப்பவாவது ஒத்துக்காம போயிருக்கா?"

பதில் இல்லை. வட்டம் சுற்றியிருக்க வேண்டும். நான் உள்ளே வந்ததால்கூட இருக்கலாம். அக்கா, "அம்மா? கேக்குதா?" என்றாள். டாக்டருக்கு அவசரம் போல, அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

"சரி. காலையிலேர்ந்து வெறும் வயித்தோடதானே இருக்கீங்க?"

"ஓம் பிள்ளை…" என்றது அந்தக் குரல். "தடிச்சு…" அதோடு குக்கர் முதல் விசில் அடித்தது. அக்கா ஆங்கிலத்தில் ஆம், வெறும் வயிறு என்றாள். அடுத்த கேள்வி: வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?

"இல்லை. தேத்தண்ணி மட்டும்…"

அக்கா 'இல்லை'யை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவள் குரலிலேயே தெரிந்தது, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறாள்.

வெறும் வயிற்றில் எது தடிக்கும்? கேள்வி ஒன்று முன்னால் போய்விட்டது, பதில் ஒன்று பின்னால் வருகிறது. உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்கு அது தெரியும். அந்த அம்மா பாதி திறந்த வாயோடு எங்கோ ஒரு திரையில் உறைந்து நிற்பது எனக்குத் தெரிந்தது.

கதவைத் தள்ளினேன்.

"அக்கா! அந்த 'ஓம்' முந்தின கேள்விக்கு! ஊசி ஒத்துக்கலைங்கிறாங்க! வெறும் வயிறு இல்ல, டீ குடிச்சிருக்காங்க!"

என் குரல் அவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. அக்கா முகம் வெளுத்துத் திரும்பினாள். ஒரு கணம் என்னைத் தின்றுவிடுவாள் போலிருந்தது. பிறகு திரைப் பக்கம் திரும்பி, டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டு, ஒவ்வொரு கேள்வியாக, ஒவ்வொரு பதிலுக்கும் காத்திருந்து, மறுபடி முதலிலிருந்து கேட்டாள்.

பத்து வருடத்துக்கு முன்னால் அந்த ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, அந்த அம்மாவை மூன்று நாள் தீவிர சிகிச்சைக் கண்ணாடி அறையில் வைத்திருந்தார்களாம். டாக்டர் அக்காவின் பெயரைச் சொல்லி, நீண்ட நன்றி ஒன்றைச் சொன்னார். அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

நான் அடுப்பை அணைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தேன். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது.

"புதிய குரல் கேட்கப்பட்டது. நீங்கள் இந்த வீட்டில் வசிப்பவரா? ஆம் அல்லது இல்லை என்று சொல்லவும்."

அம்மா இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு குடமுமாக அப்போதுதான் வாசலுக்கு வந்திருந்தாள். தண்ணீர் தளும்பித் தரையில் சிந்தியது. "கேக்குதுடி! சொல்லு! ஆமான்னு சொல்லு, நாலு பேரு பங்கு வந்துரும்!"

ஹெட்செட்டோடு அக்கா ஓடிவந்தாள். "சொல்லு, சீக்கிரம்! இன்னும் ரெண்டு நிமிஷத்துல அடுத்த கால்!"

"சொல்லிட்டு நீ பாட்டுக்குப் படிக்குப் போயிடு, தங்கம்," என்றாள் அம்மா. படிக்குப் போகத் தேவையே இருக்காது என்று ஜெரால்டு சொன்னதை அவள் மறந்துவிட்டிருந்தாள்.

இந்த முறை அந்த நாற்பத்தொரு முகங்கள் வரவில்லை. 'ஆமா' நாக்கின் நுனிக்கே வந்து காத்திருந்தது. நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். இருவரும் என்னைப் பார்க்கவில்லை. பிளாஸ்டிக் கவருக்குள் மின்னிய விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஃபிரிட்ஜின் பின்னால் கைவிட்டு நோட்டுகள் எல்லாவற்றையும் எடுத்தேன். ஆறு இருந்தன. மார்போடு அணைத்துக்கொண்டு, சிந்திய தண்ணீரைத் தாண்டி, அம்மாவை உரசிக்கொண்டு வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினேன்.

"சங்கு? எங்கடி போற? ஏய், சொல்லிட்டுப் போடி!"

"பதில் கிடைக்கவில்லை. நன்றி," என்றது பெட்டி.

வழக்கமாக உட்காரும் படித் திருப்பத்தில் நான் உட்காரவில்லை. ஏழாவது மாடியில் பானு அக்காவின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. கட்டிலில் இருந்தவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பிறகு தெருவை நோக்கிக் கீழே இறங்கினேன்.